அம்பாரி வெறுமையாகப் போகாது

திங்கட்கிழமை காலை சகாயராஜ் போன் செய்தபோது பாக்கியலட்சுமியின் தலை ஒரு தேக்கு அலமாரிக்குள் இருந்தது. பின்பலகையைப் பூச்சி அரித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. வெளியே சந்தில் ஒரு மீன் வண்டி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த அலமாரியும் அந்த ஹாரனும்தான் காரணம்.

சகாயராஜ் மரக்காணத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன். எந்த வீடு இடிபடுகிறது, எந்தக் கடை காலியாகிறது என்பது அவனுக்குத்தான் முதலில் தெரியும். பாக்கியலட்சுமி வாங்குகிற மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் உடனே சொல்லிவிடுவான்.

"அக்கா, உப்பளத்தாண்ட ஒரு கொட்டாயில அம்பாரம் ஒண்ணு கெடக்குதுக்கா. வந்து பாக்கறியா?"

அவள் காதில் விழுந்தது அப்படித்தான். அம்பாரம் என்றால் உப்புக் குவியல். பாத்தியில் வாரிய உப்பைக் கரையில் கொட்டிக் கொட்டி மலை மாதிரி ஏற்றி வைப்பார்கள். பாக்கியலட்சுமி அந்த மலைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். உப்பளம் என்று ஒருவன் ஆரம்பித்தால் அடுத்த சொல் அவளுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

"அம்பாரத்த வெச்சி நான் இன்னாடா பண்றது? உப்ப உட்டு வந்து எத்தினி வருசம் ஆவுது."

"இல்லக்கா, சூப்பரா இருக்குது. அப்படியே கண்ணாடி கண்ணாடியா..."

"கண்ணாடி மாதிரி இருந்தா நல்ல உப்புதான். ஏஜெண்டுகிட்ட சொல்லு."

"பெரிசுக்கா. ஒம்போது அடி ஒசரம் இருக்கும்."

"மழ வரப்போவுதுல்ல, ஓல போட்டு மூடச் சொல்லுடா. நான் வேலயா இருக்கறேன்."

போனை வைத்துவிட்டாள். எதிர்முனையில் சகாயராஜ் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அதை அவனே பிறகு சொன்னான்.

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், ஒரு காலத்தில் வெங்காய மண்டியாக இருந்த நீளக் கூடம்தான் அவள் கடை. பலகையில் "பி.எல். ஓல்டு அண்ட் மாடர்ன்" என்று எழுதியிருக்கும். சந்தில் எல்லோருக்கும் அது பி.எல். கடை. உள்ளே போனால் முதலில் ஒரு சலூன் நாற்காலி நிற்கும். அதன் கைப்பிடியில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் விளக்கு ஒன்று தொங்கும். அதற்கடியில் மொசைக் டீப்பாய், அதன்மேல் பீங்கான் சுவிட்சுகள் நிறைந்த ஒரு தட்டு. சுவரில் ஒரு டூரிங் கொட்டகையின் டிக்கெட் ஜன்னல், கம்பியோடு. அதை ஒட்டிப் பள்ளிக்கூடத்து உலகப் படம். இன்றைக்கு இல்லாத இரண்டு நாடுகள் அதில் இருக்கும். காரைக்குடித் தூண், குழாய்க் கால் வைத்த பிரம்பு நாற்காலி, எனாமல் சட்டி, வால்வு ரேடியோ, கண்ணாடி ஓவியம் என்று எது எதன் பக்கத்தில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காலத்தை வைத்தோ நாட்டை வைத்தோ அவள் அடுக்க மாட்டாள். இரண்டு சாமான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அவை சண்டை போடுகின்றனவா என்று இரண்டு நாள் பார்ப்பாள். போட்டால் பிரித்துவிடுவாள். போடாவிட்டால் அதுதான் இடம். சில சமயம் சண்டை நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "இது உப்பு தாங்குமா?" என்பதுதான். மரக்காணத்தில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் பழைய உப்புக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தாள். சுவரே உப்பில் ஊறிய கட்டடம். அங்கே மரம், கல், பீங்கான், கண்ணாடி எல்லாம் சுகமாக இருக்கும். கரையான் எட்டிப் பார்க்காது. இரும்பையும் நிக்கலையும் அங்கே விட்டால் ஒரு மழைக்காலத்தில் பொடியாகிவிடும். அதனால் உப்பு தாங்குவது மரக்காணத்துக்கு, தாங்காதது பாண்டிக்கு. பெரிய பெரிய புத்தகங்களில் நாற்காலிகளை எப்படி எப்படியோ வகை பிரித்திருக்கிறார்கள். பாக்கியலட்சுமிக்கு உலகத்தில் இரண்டே வகை நாற்காலிதான்.

உப்பு வாரிய குடும்பத்துப் பெண் இந்தத் தொழிலுக்கு வந்தது, பாண்டிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் குடியிருக்கிற இடையஞ்சாவடி வழியாக. அங்கே ஒரு மரப் பட்டறையில் பாலிஷ் போடுகிற வேலைக்குப் போனாள். பட்டறைக்கு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, வளைந்த குழாய்க் காலும் பிரம்புப் பின்னலுமாக இரண்டு நாற்காலிகளை விற்றார். மற்றவர்கள் பீரோவுக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொண்டார்கள். இவள் அந்த நாற்காலிகளை வாங்கி மரக்காணத்துக்குக் கொண்டுபோனாள். பின்கால் இல்லாத நாற்காலியைப் பார்க்கத் தெருவே வந்தது. ஒருவரும் உட்காரத் துணியவில்லை. அவள் உட்கார்ந்து காட்டினாள். அது லேசாக ஊஞ்சல் மாதிரி ஆடியது. அந்த ஆட்டம்தான் தன்னை இந்தத் தொழிலில் தள்ளிவிட்டது என்று சொல்வாள். இரண்டாயிரத்து ஒன்பதில் கடை திறந்தாள்.

கல்யாணம் ஆகவில்லை. பேச்சு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் நின்றது. அதற்குள் கடை வந்துவிட்டது. வயது நாற்பத்தெட்டு ஆகியும் மரக்காணம் கடைத்தெரு அவளை விடவில்லை. "பாக்கியம் பழைய மாடல் மாப்ளயாத்தான் தேடுது, கெடைக்கமாட்டேங்குது" என்பது அங்கே ஓடிக்கொண்டிருக்கிற நகைச்சுவை. அவள் காது கேட்கவே சொல்வார்கள். அதனால் ஊருக்குப் போனால் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகப் போவதே அவள் வழக்கம்.

வியாழக்கிழமை காலை கடைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அந்தப் பெண் சுவரிலிருந்த கண்ணாடி ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டாள். ஓவியத்தில் ஒரு ராஜா யானைமேல் போய்க்கொண்டிருந்தார்.

"யானை மேல வீடு மாதிரி இருக்குதே, அதுக்கு என்னங்க பேரு?"

"அதுங்களா, அம்பாரிங்க" என்றாள் பாக்கியலட்சுமி.

சொன்ன வாய் அப்படியே நின்றது. கையிலிருந்த துணி கீழே விழுந்தது. கடையில் வேலை பார்க்கும் சங்கீதா பில் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாக்கா?"

"சங்கீதா, உப்புக்கு எவனாவது கண்ணாடி வெப்பானா?"

சங்கீதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கோயம்புத்தூர் தம்பதிக்கும் புரியவில்லை. பாக்கியலட்சுமி அதற்குள் போனோடு சந்துக்கு வந்துவிட்டாள்.

"டேய் சகாயம், திங்கக்கெழம நீ இன்னா சொன்ன? அம்பாரமா, அம்பாரியா?"

"அம்பாரிதான்க்கா. நீதான் ஓல போட்டு மூடச் சொன்ன. நானும் அக்கா பெரிய ஆளு, ஏதோ ஐடியா இருக்குதுன்னு அந்தப் பெருசுகிட்ட போயி ஓல போடுங்கன்னு சொன்னேன். அது என்னத் திட்டிக் கிழிச்சிடுச்சு."

"யாரு பெருசு? கோயில் சாமானா அது?" கோயில் சாமான் என்று தெரிந்தால் பாக்கியலட்சுமி விலைகூடக் கேட்க மாட்டாள்.

"கோயிலுதெல்லாம் இல்லக்கா. ஊர்வலம் ஆதிமூலம் இருக்காருல்ல, அவுரு வண்டி மேல வெச்சி ஓட்டுனது. மாப்ள அழைப்புக்கு உடுவாரே, பல்பெல்லாம் போட்டுக்கினு."

டிராக்டர் டிரெய்லரில் அம்பாரி கட்டி, அதில் மாப்பிள்ளையை உட்கார வைத்து ஊர்வலம் விடுகிற ஆதிமூலத்தை அந்தக் கடற்கரையில் தெரியாதவர்கள் கிடையாது. யானை பார்க்காத அம்பாரி. ஒரு ஊரே கைதட்டிப் பார்த்த சாமான். இந்த நாட்டில் எந்தக் கடையிலும், எந்தக் கண்காட்சியிலும் அப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை.

"இப்ப எங்கடா இருக்குது?"

"அதே கொட்டாயிலதான். ஆனா இன்னிக்கி ஒரு ரிசார்ட்டு பார்ட்டி வர்றாங்க. மேல இருக்கற கொடைய அறுத்து எடுத்துட்டு, கீழ இருக்கறத பார் கவுண்டராக்கப் போறாங்களாம். லாரி கெளம்பிடுச்சுன்னாங்க. நான் இன்னாக்கா பண்றது, நீதான் வேணாம்னுட்டியே."

"நான் வர்ற வரைக்கும் அத நகர விடாத. வண்டி முன்னாடி படுத்துக்க."

"யாரு வண்டி முன்னாடி?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. "கடையப் பாத்துக்கோ" என்று சங்கீதாவைப் பார்த்துக் கத்திவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஹெல்மெட்டை மாட்டியதே காலாப்பட்டு தாண்டித்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவ்வளவு வேகமாக அவள் போனதில்லை. வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு போனாள். ஒன்பது அடி உயரம் என்று சொன்னானே, அதற்காவது யோசித்திருக்கலாமே. கூனிமேட்டில் யாரோ கட்சிக்காரர்கள் வரவேற்பு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்காக வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விட்டார்கள். அவள் ஓரமாக மணலில் இறக்கிப் போய்விட்டாள். வானம் வடகிழக்கில் கறுத்திருந்தது. புரட்டாசி முடிகிற நேரம். மரக்காணத்தை நெருங்கியபோது இரண்டு பக்கமும் பாத்திகளில் பெண்கள் அம்பாரங்களுக்குப் பனையோலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். பாக்கியலட்சுமிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

கொட்டகை உப்பளத்துக் கரையின் கடைசியில் இருந்தது. வாசலில் மூடு லாரி ஒன்று நின்றது. சகாயராஜ் அதன் முன்னால் படுத்திருக்கவில்லை. ஆனால் தன்னுடைய வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பானட்டைத் திறந்துவைத்து, ரிப்பேர் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாடா ஆச்சு வண்டிக்கு?"

"நீ வந்துட்டல்ல, சரியாயிடுச்சு" என்று பானட்டை மூடினான்.

உள்ளே போனதும் அவள் நின்றுவிட்டாள்.

கொட்டகையின் கீற்று இடுக்கு வழியாக வெளிச்சம் விழுந்து, அம்பாரி முழுவதும் புள்ளி புள்ளியாக எரிந்துகொண்டிருந்தது. அடியில் ஆறடி நீளம், நாலடி அகலத்தில் சட்டம். அதன்மேல் எதிரெதிராக இரண்டு இருக்கை. நான்கு மூலையிலும் கடைந்த தூண்கள். தூண்களுக்கு மேலே மூன்று அடுக்காகக் கவிழ்த்த தாமரை மாதிரி குடை. பக்கப் பலகைகளில் சூரியக் கதிர் விரிகிற மாதிரி பிளைவுட்டை அறுத்து ஒட்டியிருந்தார்கள். பழைய பம்பாய் சினிமா தியேட்டர்களின் முகப்பில் வருமே, அதே கதிர். கதிருக்கும் கதிருக்கும் நடுவில் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடித் துண்டுகள். முன்பக்கம் இரண்டு கிளிகள். கிளிகளின் மூக்கு, சிவப்பு சைக்கிள் ரிஃப்ளெக்டர். ராஜா காலத்து வேலைப்பாடும் சினிமா செட்டும் சைக்கிள் கடையும் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டு, சண்டையிலேயே ஒரு குடும்பமாக உட்கார்ந்திருந்தன.

குனிந்து சட்டத்தின் மூட்டுகளைப் பார்த்தாள். ஓர் இரும்பு ஆணி கிடையாது. மரமுளையும் பித்தளைத் திருகும்தான். உப்பு தாங்கும். ஆனாலும் இதைக் கிடங்கில் பூட்டிவைக்க அவளுக்கு மனம் வராது, நேராகப் பாண்டிக் கடைக்குத்தான்.

"திருகெல்லாம் பித்தள. பாத்துட்டியா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஆதிமூலம். எழுபது தாண்டிய மனிதர். தலைக்கு மை, வெள்ளைச் சட்டை, காலரில் மடித்த கைக்குட்டை. இப்போதும் ஊர்வலத்துக்குப் புறப்படுகிறவர் போலத்தான் நின்றார்.

"எழுவத்தி மூணுல கட்டுனது. கோடம்பாக்கத்துல செட்டு போட்டுக்கினு இருந்த ஆசாரி ஒருத்தன் சண்ட போட்டுக்கினு ஊருக்கு வந்துட்டான். அவன உக்கார வெச்சி சோறு போட்டுக் கட்டுனேன். நீ உப்பு வார்ற மாணிக்கம் பொண்ணுதானே?"

"ஆமாங்க."

"ஓல போட்டு மூடச் சொன்னது நீதானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சகாயராஜ் வெளியே எதையோ எடுக்கப் போய்விட்டான்.

கொட்டகைக்குள் இன்னொருவனும் இருந்தான். கையில் அளவெடுக்கிற கருவியோடு, நல்ல உயரமாக, முப்பது வயது இருக்கும். ரிசார்ட்டுக்கு உள்ளலங்காரம் செய்கிற சித்தார்த்தன். மரியாதையான பையன். பாக்கியலட்சுமியைக் கண்டதும் வணக்கம் சொன்னான். "உங்க கடைக்கு வந்திருக்கேன் மேடம். சலூன் சேர் ஒண்ணு கேட்டேன், தரமாட்டேன்னுட்டீங்க."

"அது கடைக்கு வந்தா உக்கார்ற எடம்பா. அத எப்படிக் குடுக்கறது" என்றாள்.

சித்தார்த்தன் சொல்லியிருந்த விலையையே தானும் தருவதாகப் பாக்கியலட்சுமி சொன்னாள். ஆதிமூலம் இருவரையும் பார்த்துப் பொதுவாகப் பேசினார். இந்தக் கொட்டகை அவருடையது இல்லை. பாத்திக்காரர் இடத்தைக் கேட்கிறார். மழைக்கு முன் காலி செய்தாக வேண்டும். இப்போது மாப்பிள்ளைகள் கூரை திறந்த காரில் நின்றுகொண்டு போகிறார்கள். அதற்காக அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அந்தக் காரையும் அவர்தான் வாடகைக்கு விடுகிறார்.

"வெல ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றீங்க. அது பேச்சு இல்ல. யார் எடுத்தாலும் ஒரே ஒரு ரூலு. இது இங்கருந்து போறப்ப உள்ள ஆளு உக்காந்துக்கினு போவணும். அம்பாரி வெறுமையா போவாது."

"ஆளுதானே சார். எங்க டிரைவரோட ஒருத்தர் வந்திருக்காரு, அவர உக்கார வெக்கறேன்" என்றான் சித்தார்த்தன்.

"வாங்கறவங்க உக்காரணும். கூலிக்கு வந்தவன் தூங்கிடுவான்."

"நான்தான் சார் வாங்கறேன். ஆனா என்னுது மூடு லாரி. உள்ள வெச்சிக் கட்டிட்டா ஆளு உக்கார முடியாது. திறந்த வண்டியில ஆளை மேல ஏத்திக்கிட்டுப் போறத எங்க ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான்: "ஒரு தேங்கா, பூசணிக்கா மாதிரி ஏதாவது வெச்சிக்கலாமா?"

"பூசணிக்காய்க்கு மாப்ள ஊர்வலமா?"

சகாயராஜ் வாசலில் நின்று சிரித்தான். சித்தார்த்தன் ஆபீசுக்குப் போன் செய்ய வெளியே போனான்.

உட்காருவது பாக்கியலட்சுமிக்குப் பெரிய விஷயம் இல்லை. வழிதான் விஷயம். உப்பளத்திலிருந்து நெடுஞ்சாலைக்குப் போக ஒரே ரோடு, அது நேராக மரக்காணம் கடைத்தெரு வழியாகத்தான் போகும். இவ்வளவு உயரச் சாமானோடு பின்வழி கிடையாது. கல்யாணமாகாத பாக்கியம், மாப்பிள்ளை அம்பாரியில், தனியாக, பட்டப்பகலில். இருபத்தைந்து வருஷமாக அவள் சுற்றிக்கொண்டு போன அத்தனை சிரிப்பும் அந்தத் தெருவில் காத்துக்கொண்டிருக்கும். இதற்கு மேல் ஊருக்கு வரவே முடியாமல் போகலாம்.

அம்பாரியைப் பார்த்தாள். குடையை அறுக்க எந்த இடத்தில் ரம்பம் வைப்பது என்று சித்தார்த்தன் பென்சிலால் தூணில் மெல்லிய கோடு ஒன்று போட்டிருந்தான். அழகாக, அளவாகப் போட்ட கோடு.

அவள் விரலை எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழித்தாள்.

"நான் உக்கார்றேன்" என்றாள்.

ஆதிமூலம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பஜார் வழியா போவணும்."

"தெரியுங்க."

"சிரிப்பானுங்க."

"தெரியும்னு சொன்னேன்ல."

போன் பேசிவிட்டு வந்த சித்தார்த்தன் விஷயம் தெரிந்ததும் அளவெடுக்கிற கருவியைப் பையில் போட்டான். "ஆபீஸ்ல முடியாதுன்னுட்டாங்க மேடம்" என்றான். "உங்க கடையில வெச்சப்புறம் வந்து பாக்கலாம்ல?" ஏற்றும்போது ஒரு மூலையை அவனும் தூக்கினான்.

"அம்பாரிக்கு யானைக்கு எங்கடா போறது?" என்று ஆதிமூலம் கேட்டதற்கு, சகாயராஜ் தன் டாட்டா ஏஸை நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான். "நம்மகிட்டதான் குட்டியானை இருக்குதே." அந்தச் சின்ன லாரிக்கு ஊரெல்லாம் குட்டியானை என்றுதான் பேர். ஆதிமூலமே சிரித்துவிட்டார். "அம்பது வருசத்துல இன்னிக்கிதான் இது யானை ஏறுது."

ஓலை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டு வந்து கை கொடுத்தார்கள். கட்டுவதற்குச் சகாயராஜ் எடுத்த இரும்புச் சங்கிலியை ஆதிமூலம் தூர எறியச் சொன்னார். தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினார்கள். சட்டம் குட்டியானையின் தட்டில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

தம்பி வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு, பாக்கியலட்சுமி ஏறி முன்பக்கம் பார்த்த இருக்கையில் உட்கார்ந்தாள். ஆதிமூலம் கொட்டகை மூலையிலிருந்து ஒரு நீளக் கோலை எடுத்து அவளிடம் நீட்டினார். காய்ந்த மூங்கில், நுனியில் கவட்டையாகப் பிளந்த கிளை கட்டியிருந்தது.

"இது இன்னாத்துக்குங்க?"

"புடி. போவப் போவத் தெரியும்."

அவர் தம்முடைய மொபெட்டில் பின்னால் வந்தார். வண்டி கடைத்தெரு முனையில் திரும்பியதும் முதல் குரல் டீக்கடையிலிருந்து வந்தது.

"டேய், இங்க பார்ரா. பாக்கியம் ஊர்வலம் வருது."

கடைகளிலிருந்து தலைகள் நீண்டன. ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். காய்கறி விற்கிற அம்மா ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா பாக்கியம், மாப்ள எங்க? வழியில எறங்கிட்டானா?"

"டீசல் போடப் போயிருக்கான்" என்றாள் பாக்கியலட்சுமி.

தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தெரு சிரித்தது. டீக்கடைக்காரன் விடவில்லை. "பழய சாமான்தானே உனக்குப் புடிக்கும், பின்னாடி வர்ற ஆதிமூலத்தையே ஏத்திக்க."

"அவுரு ரொம்ப ஓடுன வண்டி. எனக்கு கண்டிஷன் முக்கியம்."

மொபெட்டில் ஆதிமூலம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் பாக்கியலட்சுமி முன்னால் எதையோ பார்த்துவிட்டு வண்டியின் தலையில் படபடவென்று தட்டினாள். "நிறுத்துடா, நிறுத்து."

தெருவின் குறுக்கே கேபிள் டிவி ஒயர் ஒன்று தொங்கலாக இறங்கிப் போயிற்று. கீழே வண்டி ஓட்டுகிற சகாயராஜுக்கு அது தெரியவே தெரியாது. இன்னும் இரண்டு கை தூரம் போயிருந்தால் தாமரைக் குடையின் கழுத்தில் மாட்டி, மூன்று அடுக்கையும் பிடுங்கி எறிந்திருக்கும். அவள் கையிலிருந்த கோலைப் பார்த்தாள். கவட்டையைப் பார்த்தாள். ஒயரைப் பார்த்தாள்.

இருக்கைமேல் ஏறி நின்றாள். வெளியே எட்டி, கவட்டையில் ஒயரைக் கோத்து மேலே தூக்கினாள்.

"இப்ப போ. மெதுவா. இன்னும் மெதுவா. நிக்காத, போ."

குடை ஒயருக்கடியில் ஒரு விரல் இடைவெளியில் நழுவிப் போனது. பின்னால் ஒயரை இறக்கி விட்டாள். தெருவில் யாரோ விசில் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. இன்டர்நெட் ஒயர், இன்னொரு கேபிள், யாரோ திருவிழாவுக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட தோரணக் கயிறு. அவள் உட்காரவே இல்லை. வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். சிரிக்க வந்தவர்கள் இப்போது வண்டிக்கு முன்னால் நடந்தார்கள்.

"அக்கா, அடுத்தது நெட்டு ஒயரு, கொஞ்சம் தாழ இருக்குது."

"லெப்ட்ல ஒடி சகாயம், லெப்ட்ல. போர்டு இடிக்கும்."

"பாக்கியம், அது கரண்டு ஒயரு, தொடாத. அது ஒசரம்தான், குடை அடியில போயிடும், நீ கோலோட குனி."

இதைச் சொன்னது டீக்கடைக்காரன். கடையை விட்டுவிட்டு வந்திருந்தான். காய்கறிக்கார அம்மா பின்னால் வந்த பஸ்ஸை இரண்டு கையையும் விரித்து நிறுத்தி வைத்திருந்தாள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்ததற்கு, "இன்னா அவசரம், ஊர்வலம் போவுதுல்ல" என்று ஒரு போடு போட்டாள்.

மேலே நின்றுகொண்டிருந்த பாக்கியலட்சுமிக்கு எல்லாக் கடைகளின் கூரையும் தெரிந்தது. வெயில் ஒரு நிமிஷம் மேகத்தை விட்டு வெளியே வந்தபோது, அம்பாரியின் கண்ணாடித் துண்டுகளிலிருந்து நீலமும் பச்சையும் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஓடியது. இந்தத் தெருவில் இவ்வளவு நேரம் அவள் நின்றதே இல்லை. தெரு முடிந்து போகிறதே என்று இருந்தது.

நெடுஞ்சாலை முனையில் வண்டி நின்றது. கூட்டம் கலைந்தது. ஆதிமூலம் மொபெட்டை ஓரம் கட்டிவிட்டு வந்து, குடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கண்ணாடி உதிரவில்லை.

"ஏங்க, ஒயரத் தூக்கத்தான் ஆளு வேணும்னா முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? மரியாத, ரூலுன்னு சொல்லி வெச்சீங்க" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒயரு தூக்க ஆளு வேணும்னு சொன்னா, கூலி எவ்ளோன்னு கேப்பானுங்க. அம்பாரி வெறுமையா போவாதுன்னு சொல்லிப் பாரு, நான் நீன்னு ஏறுவானுங்க. மாப்ளைக்கி எதிர்ல ஒருத்தன் கோலோட உக்காந்திருப்பான் பாரு, மாமன் மச்சான்னு யாராவது. அவனுக்குத்தான் அன்னிக்கிப் பெரும." சிரித்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "ஆனா வாங்கறவங்கதான் உக்காரணும்னு சொன்னது உங்க ரெண்டு பேருக்காகப் போட்ட ரூலு. தன் சாமான்னாத்தான் நிமிந்து பாப்பாங்க."

அவர் கயிறுகளை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கிளியின் மூக்கை ஒருதரம் தட்டினார். மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சகாயராஜ் இறங்கி வந்தான். "அக்கா, போதும், எறங்கு. முன்னாடி வந்து சீட்டுல உக்காரு. ஈ.சி.ஆர்.ல ஒயரெல்லாம் ஒசரம்தான். ஒருத்தனும் இனிமே பாக்கப் போறதில்ல."

பாக்கியலட்சுமி தெற்கே நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்தாள். கோலை மடியில் குறுக்கே வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து போனை எடுத்துச் சங்கீதாவைக் கூப்பிட்டாள்.

"சங்கீதா, முன்னாடி இருக்கறதெல்லாம் எடுத்து ஓரமா வை. வாசல் கதவு ரெண்டையும் கழட்டிடு, கதவுக்கு மேல இருக்கற கண்ணாடியையும் சேத்துக் கழட்டு. இன்னாவா? வந்து காட்டறேன். சலூன் சேர மட்டும் நகத்தாத."

போனை வைத்துவிட்டு, இன்னும் நின்றுகொண்டிருந்த சகாயராஜைப் பார்த்தாள்.

"கூனிமேட்டுல எவனோ வளைவு கட்டறான்டா, வர்றப்பவே பாத்தேன். அப்புறம் எங்க சந்துல எத்தினி கேபிள் தொங்குதுன்னு உனக்குத் தெரியுமா? ஏறு வண்டியில. நீ ரோட்டப் பாரு, மேல நான் பாத்துக்கறேன்."